ஒரு கை கொழுந்து

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயம் நமுனுகுல மலைச் சரிவில் இருந்தது. பத்துக் காம்பரா. ஒரு குடும்பத்துக்கு ஓர் அறைதான் காம்பரா. நடுவில் உள்ள மண்சுவர் கூரை வரை போகாது. பக்கத்தில் யாராவது இருமினால் நம் வீட்டு விளக்கு ஆடும் என்று ஆத்தா சொல்வாள். அப்படிப்பட்ட இடத்தில் அடுத்த வீட்டு விஷயம் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. தெரிந்ததைத் தெரியாத மாதிரி வைத்துக்கொள்வதுதான் மரியாதை. நானும் அப்படியே வளர்ந்தவள்.

ஐப்பசி மழையில் ஆத்தா செத்துப்போனாள். அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்ட இருட்டோடு போய்விடுவார். நான் தனியாகத் தேத்தண்ணி வைத்துக் குடித்துவிட்டு, ஆள் கணக்கு எடுக்கிற பெரட்டுக்குப் போவேன். தை மாதத்தில் ஒரு காலை, தண்ணி கொதிக்கும்போது சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது. கரண்டியால் மெல்லச் சுரண்டுகிற சத்தம். கொஞ்சம் நிற்கும், மறுபடி கேட்கும்.

அது என்னவென்று எனக்குத் தெரியும். ஆத்தாவும் கடைசி மாதங்களில் சுவர் மண்ணைச் சுரண்டித் தின்றாள். "வாய் கேக்குதுடி" என்பாள். அப்புறம் முகம் வெளுத்தது, கால் வீங்கியது, நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. சோகை என்று எல்லாருக்கும் தெரியும். "யாருக்கிட்டயும் சொல்லிராதீங்க, பதுளை ஆஸ்பத்திரிக்கு வண்டியில ஏத்திருவாங்க. போனவங்க யாரு திரும்புனா?" என்று கெஞ்சினாள். யாரும் சொல்லவில்லை.

சொல்லாதது மட்டுமில்லை. மலையில் ஒரு வழக்கம் உண்டு. கொழுந்து எடுக்கிற நிரையில் ஒருத்திக்கு முடியவில்லை என்றால், பக்கத்து நிரைக்காரிகள் தாண்டிப் போகும்போது அவள் கூடையில் ஒரு கை கொழுந்து போட்டுவிட்டுப் போவார்கள். பேச்சே இருக்காது. அந்தக் கையால்தான் ஆத்தாவின் கூடை தினமும் நிறைந்தது. நிறுவையில் கணக்கப்பிள்ளை, "இது கெழவி இல்ல, கொமரி!" என்று சிரிப்பார். ஆத்தாவும் சிரிப்பாள். ஒருநாள் மழைத்தண்ணி ஓடுகிற கான் ஓரத்தில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. மருந்துக்கார ஐயா வந்து அவள் கண்ணை விரித்துப் பார்த்தார். "ஒடம்புல ரத்தமே இல்ல. இத்தன நாளு இவ எப்புடிக் கொழுந்து எடுத்தா?" என்று கேட்டார். எல்லாரையும்விட அதிகமாகப் போட்டவள் நான்தான்.

பக்கத்துக் காம்பரா அக்காவுக்கு என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். கடல் தாண்டி ஊரிலிருந்து வந்து இரண்டு வருஷம். பால்குடிப் பிள்ளை ஒன்று. அன்று சாயங்காலம் பீலியில் தண்ணி பிடிக்கும்போது கேட்டேன்.

"அக்கா, மண்ணு திங்கிறீங்களா?"

அவள் குடத்தைச் சாய்த்து வைத்தாள். "ஒங்கூட்டு அடுப்ப நீ பாரு. எஞ்சட்டியில என்ன வேகுதுன்னு எட்டிப் பாக்காத."

"எங்காத்தாவும் இப்புடித்தான்..."

"ஒங்காத்தாவுக்கு வயசாச்சு. எனக்கு என்ன? என்னைய ஆஸ்பத்திரில போட்டுட்டா இந்தப் பய யாருகிட்டப் பால் குடிப்பான்? நீ குடுப்பியா?"

அவள் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துவிட்டு, மூச்சு வாங்க அப்படியே கொஞ்ச நேரம் நின்றாள். என்னைப் பார்க்காமல் நின்றாள்.

அதற்குப் பிறகு நாலு நாள் நான் ஒன்றும் செய்யவில்லை. கங்காணியிடம் சொல்லலாமா என்று யோசிப்பேன். கோள்மூட்டி என்ற பேர் வந்துவிடும். அவள் புருஷனிடம் சொல்லலாம் என்றால், அவன் முதலில் கையைத்தான் ஓங்குவான். எனக்கு எதற்கு என்று விட்டுவிடப் பார்த்தேன். ஆனால் காலையில் அந்தச் சுரண்டல் கேட்கும்போதெல்லாம், செத்துப்போன ஆத்தா அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும்.

மலையில் அவள் கூடைக்கும் கொழுந்தோடு கைகள் நீள ஆரம்பித்திருந்தன. ஐந்தாம் நாள் எங்கள் நிரையிலேயே வாய் நீளமான மதினி ஒருத்தி ஒரு கை கொழுந்தை எடுத்துக்கொண்டு அக்காவின் கூடைப் பக்கம் போனாள். நான் அவள் கையைப் பிடித்தேன்.

"போடாதீங்க மதினி."

"ஏன்டி, ஒங்கூடையிலருந்தா எடுத்தேன்?"

"யாரும் போடாதீங்க. எடை கொறையட்டும். கொறஞ்சாத்தான் மேல உள்ளவங்க கண்ணுல படும்."

"அடி பாவி! ஆத்தாள வாரிக் குடுத்தவ, நெஞ்சு கல்லாப் போச்சா?"

"எங்காத்தாவுக்கு எல்லாரும் போட்டோம்ல மதினி. போட்டுப் போட்டுத்தானே அனுப்பி வச்சோம்."

சத்தமாகச் சொல்லிவிட்டேன். கொழுந்து ஒடிக்கிற சத்தம் நிரை முழுக்க நின்றுபோனது. மதினி தன் கையில் இருந்ததைப் பார்த்தாள். பிறகு தன் கூடையிலேயே போட்டுக்கொண்டாள். அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். அவள் கண் என் மேல் இருந்ததை நான் நிமிராமலே உணர்ந்தேன்.

அன்றைக்கு அவளுக்கு அரைப்பேர்தான் விழுந்தது. பாதிநாள் சம்பளம். மறுநாளும் அப்படியே. "மலைக்கு வேடிக்க பாக்கவா வந்த?" என்றார் கணக்கப்பிள்ளை. அந்தச் சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் புருஷன் கத்தினான், அவள் அழுதாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன், தின்ன முடியவில்லை. செய்தது சரிதானா என்று அப்பாவைக் கேட்டேன். அவர், "ஒங்காத்தா விஷயத்துல நானும் சும்மாதான இருந்தேன்" என்றார். அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் கங்காணி அவளைப் பெரட்டிலேயே நிறுத்தினார். "ஏ புள்ள, ஒம்மொகம் ஏன் தொரைசாணி மாதிரி வெளுத்துக் கெடக்கு?" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. மருந்துக்கார ஐயாவிடம் அனுப்பினார். வயிற்றில் பூச்சி ரத்தத்தைக் குடிக்கிறது, உடனே பதுளைக்குப் போகவேண்டும் என்று ஐயா சொல்லிவிட்டார். மாட்டுவண்டியில் ஏறும்போது பிள்ளை கதறியது. அவள் அதைத் தூக்கி என் கையில் திணித்தாள்.

பதினேழு நாள். பகலில் தோட்டத்து ஆயா பார்த்துக்கொள்கிற பிள்ளைக் காம்பராவில் விடுவேன், மற்ற நேரமெல்லாம் என் இடுப்பில்தான். பாலுக்கு அழும்போது கஞ்சித் தண்ணியைத் துணியில் நனைத்து வாயில் வைப்பேன். துப்பிவிடும். வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலுக்கு ஓடுவேன். அவள் அங்கே செத்துப்போனால் இந்தப் பிள்ளையின் முகத்தை எப்படிப் பார்ப்பேன்? தலையிடும்போது இதையெல்லாம் நான் யோசிக்கவில்லை.

அவள் நடந்தே லயத்துப் படி ஏறி வந்தாள். மெலிந்திருந்தாள், ஆனால் மூச்சு வாங்கவில்லை. பிள்ளையை வாங்கினாள். அது என் பக்கம் திரும்பி அழுதது. அது அவளுக்குப் பொறுக்கவில்லை. அதிலிருந்து என்னோடு பேச்சில்லை. எனக்குக் கேட்கட்டும் என்று பிள்ளையிடம், "அழாதடா, பக்கத்து வூட்டு நாட்டாமக்காரி வந்து எடை போட்டுப் பாப்பா" என்பாள். நான் கேட்டுக்கொள்வேன். சுரண்டல் சத்தம் மட்டும் இல்லை. எனக்கு அது போதும் என்று இருந்தேன்.

மறுபடி ஐப்பசி வந்தது. ஆத்தாவின் திவசத்துக்கு முதல் நாள். மழைத் தூறலில், ஆத்தா கடைசியாக உட்கார்ந்த அதே கான் பக்கம்தான் எங்களுக்கு நிரை கொடுத்திருந்தார்கள். எனக்குக் கை ஓடவில்லை. கூடையில் அடி மட்டும்தான் மறைந்திருந்தது. பக்கத்து நிரையில் அக்கா. தாண்டிப் போகப் போனவள் நின்றாள். ஒரு கை கொழுந்து என் கூடைக்கு மேலே வந்தது. ஆனால் அவள் போடவில்லை.

"ஒடம்பா, மனசா?" என்றாள்.

"மனசுதான்."

"பொய் சொல்லாத."

ஈரக்கையால் என் தாடையைப் பிடித்து நிமிர்த்தினாள். கட்டைவிரலால் கண்ணுக்குக் கீழே இமையை இழுத்துக் கிட்ட வந்து பார்த்தாள், ஆஸ்பத்திரியில் அவளுக்கு ரத்தம் இருக்கா என்று பார்த்திருப்பார்களே, அந்த மாதிரி. ஒரு கண், பிறகு மறு கண். அவள் விரலில் கொழுந்து வாசம் அடித்தது.

"செவப்பாத்தான் இருக்கு," என்று சொல்லி, கையிலிருந்ததை என் கூடையில் போட்டாள்.