ஒன்பது வந்த துப்பாக்கி

துப்பாக்கிக்குப் போடும் எண்ணெயின் வாசனையும் அம்மா சாம்பார்ப் பொடிக்கு மிளகாய் வறுக்கும் நெடியும் ஒரே அறையில் கலந்து கிடந்த அந்த அக்டோபர் மாதம், டெக்சஸில் இத்தனை வருடம் குப்பை கொட்டிய பிறகும், என்னை விட்டுப் போகவில்லை.

எனக்கு அப்போது பதினோரு வயது. அப்பா இங்கே ஒரு டயர் கடையில் வேலை பார்த்தார். வேலூரில் இருந்தபோது பைக்கிலிருந்து விழுந்து உடைந்து, அரைகுறையாகக் கூடிய வலது தோளை வைத்துக்கொண்டுதான் லாரி டயர்களைத் தூக்கி எங்களுக்குச் சோறு போட்டார் என்பதால், அந்தத் தோள் எங்கள் வீட்டில் நான்காவது ஆள் மாதிரி. அதற்கு ஒத்தடம் கொடுப்போம், குளிர் வந்தால் அதை நலம் விசாரிப்போம்.

மான் வேட்டை சீசனுக்குக் கடை முதலாளி ரே அங்கிள் தன் காட்டுக்கு அப்பாவை முதன்முறையாகக் கூப்பிட்டார். கூப்பிட்டதிலேயே அப்பா பாதி அமெரிக்கர் ஆகிவிட்டார். தோளைப் பற்றித் தெரிந்த ரே அங்கிள், "டூ சிக்ஸ்டி" என்கிற ரகத்தில் தன்னுடைய துப்பாக்கி ஒன்றைக் கொடுத்து, குண்டு சின்னதுதான், மானுக்குப் போதும், சுடும்போது பின்னால் தோளில் உதைக்கவும் உதைக்காது என்று சொல்லி அனுப்பினார்.

அம்மா விரல் விட்டுக் கூட்டினாள்.

"ரெண்டும் ஆறும் எட்டு. சனியோட நம்பருங்க. இதைத் தூக்கிட்டா காட்டுக்குப் போவீங்க?"

"அடியே, குண்டுக்கும் ஜாதகம் பாப்பியா?" என்று அப்பா சிரித்தார். ஆனால் கார் நம்பர், ஃபோன் நம்பர், அபார்ட்மென்ட் கதவு நம்பர் எல்லாம் கூட்டினால் ஒன்பது வரும்படி தேடிப் பிடித்த குடும்பம் எங்களுடையது. அந்தச் சிரிப்பு அந்த வாரத்தைத் தாண்டவில்லை. டூ சிக்ஸ்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "தேர்ட்டி ஆட் சிக்ஸ்" என்ற பெரிய ரகத்தில் ஒன்று வாங்கி வந்தார். மூன்று, இரண்டு சைபர், ஆறு. ஒன்பது.

"பெரிய குண்டு. ஒரே அடியில விழுந்துடும். அந்த ஜீவன் கெடந்து துடிக்கக் கூடாது, அவ்ளோதான் எனக்கு வேணும்" என்றார்.

பெரிய குண்டு பலமாக உதைக்கும், உதைக்குப் பயந்த உடம்பு சுடுகிற கணத்தில் தானாகப் பின்வாங்கும், குண்டு வேறெங்கோ போகும் என்று ரே அங்கிள் சொல்லிப் பார்த்தார். குறி அட்டையைச் சுட்டுப் பழகிய அன்று நான் ரே அங்கிளின் டிரக்குக்குள் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதல் வெடிக்கே அப்பாவின் முகம் வெளுத்துப்போனது. அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் விசையை அழுத்துவதற்கு முன்பே அவர் கண் மூடிக்கொண்டதை நான் பார்த்தேன். தோள் போனால் வேலை போகும், வேலை போனால் வீடு போகும் என்று என் மனம் அன்றைக்கே ஓடத் தொடங்கிவிட்டது.

சீசன் தொடங்கிய முதல் நாளே அது நடந்தது. குண்டு மானின் நெஞ்சில் படாமல் வயிற்றில் பட்டது. நம்மூர் சீமைக்கருவேலத்துக்குப் பங்காளியான மெஸ்கீட் முள்காட்டுக்குள் அது ஓடிவிட, ரத்தத் துளிகளைப் பார்த்துக்கொண்டே இருட்டும்வரை தேடியும் அகப்படவில்லை. துப்பாக்கியின் உதையில் பழைய தோள் மறுபடி விட்டுப்போக, அப்பா வலக்கையை இடக்கையால் தாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அறுவை சிகிச்சை செய்தும் அந்தக் கை மறுபடி டயர் தூக்கவில்லை. வேலை போனது, சில வருடங்களில் என் படிப்பும் போனது, பதினாறு வயதில் கேஸ் ஸ்டேஷன் என்கிற பெட்ரோல் பங்க்கின் கல்லாவில் நின்றேன்.

"எட்டை எடுத்துட்டுப் போயிருந்தா இன்னும் என்னல்லாம் ஆயிருக்குமோ!" என்பாள் அம்மா, கடைசிவரை. "அந்த மான் எங்க போய் விழுந்துச்சோ" என்று அப்பா எப்போதாவது, சாப்பிடும்போது, தட்டைப் பார்த்துச் சொல்வார்.

இப்போது அவர்கள் இருவரும் இல்லை. ரே அங்கிளும் இல்லை. அந்த முள்காடு இருந்த இடத்தில் ஒரே மாதிரி வீடுகள். போன வாரம் என் மகன், நண்பர்களோடு மான் வேட்டைக்குப் போக வேண்டும் என்று துப்பாக்கிப் படம் இருந்த ஃபோனை நீட்டினான்.

"மாம், டூ சிக்ஸ்டி ஓகேவா?"

அதுதான் சரி என்று இந்த உலகத்தில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? ஆனாலும் என் கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களில் ஏறி, எட்டில் வந்து நின்றுவிட்டது. அவன் காத்துக்கொண்டிருந்தான்.