சலேஹா அடித்த ஈ

ஹைதரின் நாசி கண்டார் சோற்றுக் கடைக்குள் ஓர் ஈ நுழைந்தால் உயிரோடு திரும்பாது. அவர் மனைவி சலேஹாவின் கையில் ஈ அடிக்கும் மட்டை எப்போதும் தயார். அப்படிப்பட்ட கடையின் கல்லாவில் உட்கார்ந்துதான், கூட்டம் ஓய்ந்த மாலைகளில், ஹைதர் ஈ செய்வார். தூண்டில் முள்ளில் கறுப்பு நூலைச் சுற்றி, கோழி இறகைக் கத்தரித்து இறக்கை வைப்பார்; மீனை ஏமாற்றும் பொய் இரை. எல்லாம் வெள்ளைக்காரர்களின் டிரௌட் மீன் பிடிக்கும் வீடியோக்களைப் பார்த்துக் கற்றது. பினாங்கில் டிரௌட் ஏது? சிம்பாங் அம்பாட் குளத்து லம்பாம் மீன்களுக்குத்தான் வீசுவார். அவையோ அந்த அழகான ஈக்களைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

ஒரு சனிக்கிழமை, செய்து முடித்த ஈயைப் பசை காய மேசைமேல் வைத்துவிட்டு, தே தாரிக் டீ ஆற்றப் போனார். பளார் என்று சத்தம்.

"மச்சான்! இது என்னா, மட்டையோட ஒட்டிக்கிச்சு?"

ஓடி வந்தார். முள் மட்டையில் குத்தி நின்றது. ஓர் இறக்கை முறிந்து, உடம்பு நசுங்கிப் போயிருந்தது. ஹைதருக்கோ முகமெல்லாம் சிரிப்பு.

"நெசம்னுதானே அடிச்சே? நீயே ஏமாந்துட்டே லா!"

"ஆமா, மீனைத் தவிர எல்லாரும் ஏமாறுவாங்க," என்றாள் சலேஹா.

மறுநாள் குளத்தில், நல்ல ஈக்களெல்லாம் வீணான பிறகு, அந்த நசுங்கல் ஈயை வேண்டாவெறுப்பாக வீசினார். சாகக் கிடக்கும் பூச்சிபோல் அது ஒருக்களித்து மிதந்தது. லபக்கென்று கவ்வியது ஒரு லம்பாம்.

இப்போதெல்லாம் ஹைதர் புது ஈயைக் கட்டி முடித்ததும், மேசைமேல் வைத்துவிட்டுக் குரல் கொடுக்கிறார்.

"சலேஹா, கொஞ்சம் வந்து ஒரு அடி போட்டுட்டுப் போயேன்!"