மூன்று வாரம் கழலாத அட்டை

காலை 5.10. ஷார்ஜா முவைலாவில் எங்கள் கேம்ப் வாசலுக்கு வேன் வந்தது. ஜெபல் அலியில் உள்ள கம்பெனி அலுவலகம் ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர். ஓட்டுபவர் கீழக்கரை ரசூல் பாய். உடன் வந்தவர் பார்க், கிரேன் பழுது பார்க்க வந்திருக்கும் கொரியாக்காரர். நான் ஸ்டோரில் வேலை பார்ப்பவன். மகளின் வளைகாப்புக்கு மேனேஜரிடம் லீவு கேட்க வேண்டும்.

"பதினோரு நாளா லெட்டர் உங்க பையிலேயே இருக்கு. குஞ்சு பொரிக்கட்டும்னு விட்டிருக்கீங்களாண்ணே?" என்றார் பாய்.

5.40. வழியில் டீ, ஒரு திர்ஹம். பார்க் என் வயதைக் கேட்டார். ஐம்பத்தொன்று என்றதும் டீயை இரண்டு கையாலும் நீட்டினார். மூத்தவர்களுக்கு அவர்கள் ஊரில் அப்படித்தானாம். பிறகு ஒரு வளையத்தில் கோத்த சிறு அட்டைகளைக் காட்டினார். முன்பக்கம் ஆங்கிலச் சொல், பின்பக்கம் கொரியப் பொருள். ஒரு சொல் நன்றாகப் பிடிபட்ட பிறகே அதன் அட்டையைக் கழற்றுவாராம். 'ரிலக்டன்ட்' (reluctant) மட்டும் மூன்று வாரமாகக் கழலவில்லை. பின்பக்கம் 'பிடிக்காது' என்று எழுதியிருந்தாராம். அதற்கு 'நோ லைக்' போதுமே, இது எதற்கு என்று பாயிடம் கேட்டார்.

"நானே பத்தாவது ஃபெயிலு," என்று பாய் வண்டியில் ஏறிக்கொண்டார்.

7.05. மேனேஜர் அறைக்கதவு பாதி திறந்திருந்தது. கடிதத்தை எடுத்தேன். மடித்தேன். தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்து கதவருகே நின்றேன். மறுபடியும் தண்ணீர். மூன்றாவது டம்ளரின்போது பார்க் பக்கத்தில் வந்தார்.

"லீவு நோ லைக்?"

"லைக் சார். வெரி லைக்."

"மேனேஜர் பேட் மேன்?"

"இல்ல சார், குட் மேன்."

"தென் ஒய்?"

கதவுப் பக்கம் ஓர் அடி வைத்து நின்றுவிட்ட என் கால்களைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. அந்த அட்டையைக் கழற்றி, பின்பக்கம் இருந்ததை அடித்துவிட்டு வேறு ஏதோ எழுதினார்.

"ரிலக்டன்ட்," என்று என்னைக் காட்டிச் சொல்லி, அட்டையை இரண்டு கையாலும் நீட்டினார். "ஃபினிஷ். நவ் கோ."

போனேன். மேனேஜர் கையெழுத்துப் போட இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. இருபது நாள் லீவு.

"பொரிச்சாச்சா?" என்றார் பாய்.

"பொரிச்சாச்சு பாய்."

இதைத் துபாய் விமான நிலையத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். கடிதம் இருந்த பையில் இப்போது அந்த அட்டை இருக்கிறது. பின்பக்கம் என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது. இன்று காலை என்னை வழியனுப்ப வேன் வரை பார்க் வந்திருந்தார். கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.