கொளஞ்சிநாதனின் கல்லீரல்

கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்ததும் கொளஞ்சிநாதன் பூட்ஸைக் கழற்றுவதில்லை. வாசற்படியில் நின்று, வாயை அகலத் திறந்து, 'ஹா' என்று ஊதுகிறார். மனைவி செங்கமலம் முகர்ந்து பார்த்து, "ம், உள்ள வாங்க" என்ற பிறகுதான் பூட்ஸ் கழலும். எங்கள் பிளாக்கில் சாராய வாடைக்காக முகர்ந்து பார்க்கிற பெண்கள் உண்டு. ஆம்லெட் வாடைக்காக முகர்கிறவர் இந்த அம்மாள் ஒருவர்தான்.

கொளஞ்சிநாதன் சுரங்கத்தில் மண் வெட்டும் ராட்சத மிஷினை ஓட்டுகிறார். அடுத்த குவார்ட்டர்ஸில் அவர் சிரித்தால் என் வீட்டுத் தட்டுகள் அதிரும். "இன்னிக்கு ப்ரொடக்‌ஷன் எப்படி?" என்று கேட்டுவிட்டால் போதும், பிள்ளை பரீட்சையில் தேறியதைச் சொல்வதுபோலச் சொல்வார். முன்பெல்லாம் ஷிப்ட் முடிந்ததும் பஸ் ஸ்டாண்டில் மிளகு தூவிய ஆம்லெட் ஒன்று. அதுதான் அவருடைய மோட்சமாக இருந்தது.

போன வருஷம் ஆஸ்பத்திரியில் வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்து, கொலஸ்ட்ரால் கூடுதல் என்றார்கள். எங்கள் பிளாக்குக்கு அந்த வார்த்தையே புதிது. முட்டை, நெய், ஆட்டுக்கறி எல்லாம் நின்றன. ஆறு மாதம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தால், இறங்கவேண்டியது இன்னும் ஏறியிருந்தது. வெளியே திருட்டுத்தனமாகத் தின்கிறார் என்று செங்கமலம் முடிவு கட்டிவிட்டார். ஊதல் அன்றுதான் ஆரம்பம்.

"வாயக் கட்டிகினு கெடக்குறேன் சார், என்னப் போயி திருடன்ங்கறா" என்று கொளஞ்சிநாதன் என்னிடம் கண்கலங்கினார். முட்டை போனதைக்கூடத் தாங்கிக்கொண்டார். கட்டியவள் நம்பாததுதான் அவருக்கு ஆறவேயில்லை. எனக்கே பாவமாக இருந்தது.

நேற்று செங்கமலத்தையும் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனார். டாக்டரம்மா சிரித்துவிட்டாராம். "சாப்பாட்டுல வர்றது கொஞ்சந்தாம்மா. மிச்சத்தை உடம்பே தயார் பண்ணுது, முக்கியமா கல்லீரல். இவருக்கு அது ஜாஸ்தி. மாத்திரை தர்றேன். மஞ்சக்கரு வேணாம், வெள்ளைக்கரு சாப்பிடட்டும்."

திரும்பியதும் என்னிடம் ஓடிவந்தார். "கேட்டீங்களா சார்? மூணு ஷிப்டும் உள்ள ப்ரொடக்‌ஷன் ஓடிகினு இருக்குதாம்! ஞாயித்துக்கெழம கூட லீவு இல்லியாம்!" குரலில் கவலையைவிடப் பெருமைதான் அதிகம். செங்கமலம் உள்ளே போய்விட்டார்.

இன்று மாலை பஸ் வந்தது. பழக்க தோஷம், படியில் நின்று கண்ணை மூடி வாயைத் திறந்தார். செங்கமலம் முகர்ந்து பார்க்கவில்லை. கையிலிருந்த வெள்ளைக்கரு ஆம்லெட்டில் ஒரு விள்ளல் பிய்த்து, தானே ஊதி ஆற்றி, அந்த வாயில் வைத்தார்.