மூடி வருவதற்கு முன் வாங்கிய கைநாட்டு

என்னைச் சூப்பர்வைசர் ஆக்கியது என் திறமைதான் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். நான் எட்டாவது வரை படித்தவள், கையெழுத்துப் போடத் தெரிந்தவள். மேனேஜருக்கு அந்தக் கையெழுத்து மட்டும்தான் வேண்டியிருந்தது. எனக்கு அது உறைக்க ஒரு மனுஷியின் கை போகவேண்டியிருந்தது.

எண்பதுகளின் தொடக்கம் அது. பழவேற்காடு ஏரிக்கரையில் இறால் உரிக்கும் ஷெட் ஒன்று வந்திருந்தது. கோட்டைக்குப்பத்திலிருந்தும் தோணிரேவிலிருந்தும் பதினெட்டுப் பெண்கள் வேலைக்குப் போனோம். காலையில் போய்க் குந்தினால் பொழுது சாயும்வரை இறால் தண்ணீரில்தான் கை. விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து புண்ணாகிவிடும். வீட்டில் சோற்றில் கை வைத்தால் குழம்புக் காரம் உச்சந்தலைக்கு ஏறும். அதனால் அங்கே எல்லோரும் ஆசைப்பட்ட வேலை ஐஸ் உடைக்கிற மிஷினில் நிற்பதுதான். நிமிர்ந்து நிற்கலாம், அன்றைக்கு ஒரு நாள் புண் ஆறும். ஐஸ் பாளத்தை மிஷின் வாயில் தள்ளினால் கீழே நொறுங்கி விழும், அவ்வளவுதான் வேலை.

அந்த மிஷினுக்கு நாங்கள் பாடு வைத்திருந்தோம். ஏரியில் யார் என்றைக்கு எந்த இடத்தில் வலை போடுவது என்று எங்கள் ஆண்கள் முறை பிரித்துக்கொள்வார்கள், அதற்குப் பெயர் பாடு. அதே கணக்கில் மிஷினுக்கும் ஆளுக்கு ஒரு நாள். அடுத்தவள் பாட்டில் கைவைத்தால் ஊரே சண்டைக்கு வரும். மிஷின் வாய்க்கு மூடி இல்லை என்பதை நாங்கள் யாரும் ஒரு குறையாகவே நினைத்ததில்லை.

ஒரு நாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "மேலேருந்து காகிதம் வந்திருக்கும்மா. சூப்பர்வைசர் ஒருத்தருக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுக்கணுமாம். இனிமே நீங்கதான் சூப்பர்வைசர், நீங்கதான் போறீங்க" என்றார். நீங்க! அதுவரை "ஏய்"தான். அந்த ஒரு 'நீங்க'வுக்கே நான் குளிர்ந்துபோனேன், வெட்கம் கெட்டவள்.

பொன்னேரி வரை பஸ், அங்கிருந்து ரயில். ஐந்து நாள் சென்னைக்குப் போய் வந்தேன். வகுப்பில் நான் ஒருத்திதான் பொம்பளை. "மிஷினில் ஒருத்தர் கை மாட்டினால் முதலில் என்ன செய்வீர்கள்?" என்று வாத்தியார் கேட்டார். "கத்துவேன்" என்றேன். வகுப்பே சிரித்தது. ஆளைப் பிடித்து இழுக்காதே, ஓடிப்போய் சுவிட்சை அணை என்று அவர் சொன்னதை மனதில் ஆணியடித்து வைத்துக்கொண்டேன். கடைசி நாள் ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். மேனேஜர் அதற்குச் சட்டம் போட்டுத் தன் அறையில் மாட்டிக்கொண்டார். "ஊருக்கே பெருமைம்மா" என்றார். நானும் பல்லை இளித்தேன்.

வந்ததும் அவரிடம் இரண்டு விஷயம் கேட்டேன். மிஷின் வாய்க்கு மூடி போடவேண்டும். கோடிச் சுவரில் இருக்கும் சுவிட்சை மிஷின் பக்கத்துக்குக் கொண்டுவரவேண்டும். "எல்லாத்துக்கும் சொல்லியாச்சும்மா. பட்டறையில மூடி வெல்டிங் ஆயிட்டிருக்கு" என்று ஒரு நோட்டை நீட்டினார். முதல் பக்கத்தில், 'மூடி பொருத்திய இயந்திரத்தில் பாதுகாப்பாக வேலை செய்யும் முறை எங்களுக்குக் கற்றுத்தரப்பட்டது' என்று எழுதியிருந்தது.

"மூடி இன்னும் வரலியே சார்?"

"அடுத்த வாரம் வந்துடும். அப்போ மறுபடியும் பதினெட்டுப் பேரையும் நிக்க வெக்க முடியுமா? என் மேல நம்பிக்கை இல்லையா?"

நோட்டை வாங்கிக்கொண்டேன்.

கற்றுக்கொடுத்ததில் நான் குறை வைக்கவில்லை. கட்டையால் தள்ளு, கையால் தள்ளாதே, முந்தானையை இடுப்பில் செருகு என்று ஒவ்வொருத்தியையும் செய்யவைத்துப் பார்த்தேன். பிறகு நோட்டில் கைநாட்டு வாங்கி, அடியில் என் கையெழுத்தைப் போட்டேன். என் பக்கத்து வீட்டுக்காரி, என்னைவிட இளையவள், இடது கட்டைவிரலில் மையோடு கேட்டாள்: "இன்னாக்கா எழுதிகீது இதுல?"

"சொல்லிக்குடுத்ததுக்கு அத்தாட்சி. வை மே."

"நீ சொன்னா சரிதான்" என்று வைத்தாள். மிச்ச மையை என் முந்தானையில் துடைத்துவிட்டு, "சூப்பர்வைசரம்மாவுக்குப் புதுக் கரை" என்று சிரித்தாள். மூடி என்ற வார்த்தையை அவளிடம் நான் வாசித்துக் காட்டவில்லை.

அடுத்த வாரம் வந்தது, மூடி வரவில்லை. மூடி வரும்வரை மிஷினை நிறுத்தி, ஐஸை மரச்சுத்தியால் உடைக்கலாம் என்றேன். பெண்கள் என்னைப் பிய்த்துவிட்டார்கள். "அஞ்சு நாள் பட்டணம் போய்ட்டு வந்தா எங்க பாட்டை நிறுத்துவியா நீ?" என்றார்கள். முதல் ஆளாகக் கத்தியவள் பக்கத்து வீட்டுக்காரிதான், மறுநாள் அவள் பாடு. புண்ணான விரல்களை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். நான் இறங்கிவந்துவிட்டேன். சூப்பர்வைசராக இல்லாமல் ஊர்க்காரியாக நடந்துகொண்டேன்.

மறுநாள் ஐஸ் பாளத்தைச் சுற்றியிருந்த ஈரச்சாக்கு மிஷினில் சிக்கியது. சாக்கை இழுத்த பக்கத்து வீட்டுக்காரியின் இடது கையைச் சாக்கோடு சேர்த்து மிஷின் இழுத்துக்கொண்டது. நான் கத்தவில்லை. ஷெட்டின் நீளம் முழுக்க ஓடிச் சுவிட்சை அணைத்தேன். மணிக்கட்டு தப்பியது. கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரலும் போய்விட்டன.

கொஞ்ச நாள் கழித்து விசாரணைக்கு ஒரு அதிகாரி வந்தார். மேனேஜர் அறையில் என்னையும், கட்டுப்போட்ட கையோடு அவளையும் நிற்கவைத்தார்கள். மேசைமேல் அந்த நோட்டு. பக்கத்தில், சுவரிலிருந்து இறக்கிய என் சான்றிதழ்.

"நாங்க இந்தம்மாவைப் பயிற்சிக்கு அனுப்பி வெச்சோம் சார். எல்லாருக்கும் சொல்லிக்குடுத்தாங்க. அந்தப் பொண்ணுதான் கேக்கல. கைநாட்டைப் பாருங்க" என்றார் மேனேஜர், குரலே உயராமல்.

"மூடி கெடையாது சார்! இன்னைக்கும் கெடையாது. வந்து பாருங்க!" என்று அதிகாரியை மிஷினுக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

மூடி இருந்தது. பச்சைப் பெயின்ட் அடித்து, திருகு முடுக்கி, கச்சிதமாக. தொட்டேன், பெயின்ட் விரலில் ஒட்டியது. அதை அதிகாரியின் முகத்துக்கு நேரே காட்டினேன். "புதுசா பெயின்ட் அடிச்சிருக்காங்க, அவ்ளோதானேம்மா? மூடி இருந்ததுன்னு உன் கையெழுத்து இருக்கே" என்றார். பாவி மேனேஜர் என் கண்ணைப் பார்க்கக்கூட இல்லை, திருகைச் சரிபார்ப்பதுபோல் குனிந்துகொண்டார்.

அறைக்குத் திரும்பியதும், கற்றுத்தந்தும் தொழிலாளியின் கவனக்குறைவு என்று அதிகாரி எழுதிமுடித்தார். அப்படி எழுதினால் அவளுக்கு நஷ்ட ஈடு கிடையாது. வாசித்துக் காட்டிவிட்டு மைப்பெட்டியை அவள் பக்கம் தள்ளினார். "கைநாட்டு வைம்மா."

மேனேஜர் என் கழுத்தை அறுத்தார். நான் அவள் கழுத்தை அறுத்திருந்தேன். அந்த அறையில் அதில் இரண்டாவது மட்டும்தான் அவளுக்குத் தெரியும்.

அவள் மேனேஜரைப் பார்க்கவில்லை, அதிகாரியையும் பார்க்கவில்லை. கட்டுப்போட்ட கையை மேசைமேல் வைத்து, என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"அந்த வெரலு இப்போ இந்த நோட்டுல மட்டும்தான்கா கீது."