இருபத்திரண்டு பக்கிளும் ஏழு அடியும்

பேரன் கல்யாணத்துக்கு இரட்டைக் குதிரை சாரட்டு வரும் என்று சொல்லிவைத்தவன் நான்தான். பத்திரிகை வைக்கப் போன நாற்பத்தேழு வீடுகளிலும் சொன்னேன். ஒரு வீட்டிலும் யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

அந்தக் குதிரைகள் எங்கள் கொல்லையில் நிற்பவை. தண்டலத்தில் இருக்கும் முதலாளி ஒருவர் கல்யாண ஊர்வலங்களுக்கு வண்டி விடுகிறார். பென்னலூர்ப் பக்கத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகையைத்தான் லாயமாக வைத்திருக்கிறார். வெள்ளைப் பெண் குதிரை ஒன்று, பழுப்பு நிற ஆண் குதிரை ஒன்று, சின்ன சாரட்டு ஒன்று. அவற்றைப் பார்த்துக்கொள்பவரும் வண்டி ஓட்டுபவரும் ஒருவரே. நாங்கள் அவரை பாய் என்று கூப்பிடுவோம். ஐம்பது வயதைத் தாண்டியவர், முதலாளியிடம் ஒன்பது வருடமாக இருக்கிறார்.

நான் மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் முப்பத்தொரு வருடம் இன்ஸ்பெக்ஷனில் இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகும் எண்ணுவது மட்டும் என்னை விடவில்லை. பாய் குதிரைக்குச் சேணம் கட்டும்போது நான் அருகில் நின்று வார்களை இறுக்கும் பக்கிள்களை எண்ணுவேன். ஒரு குதிரைக்குப் பதினொன்று.

"இன்னா சார், ஒண்ணும் திருடு போவலியே?" என்பார் பாய். நான் மறுபடி முதலிலிருந்து எண்ணுவேன்.

கல்யாணத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது எங்கள் தெருவில் கால்வாய்க்குப் பள்ளம் தோண்டினார்கள். பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபத்துக்குப் போக அந்தத் தெருவை விட்டால் வழி கிடையாது. டேப் வைத்து அளந்தேன். மண்மேடு போக ஏழடி மூன்றங்குலம் மிஞ்சியது. அதற்குள் இரண்டு குதிரைகள் பக்கம் பக்கமாகப் போக முடியாது.

"ஒரு குதிர போதும் சார்," என்றார் பாய், பழுப்புக் குதிரையைத் தட்டியபடி. "மாப்ள, தோழன், ரெண்டே பேரு. இவன் ஒருத்தனே அலுங்காம இஸ்துகினு பூடுவான்."

"ரெண்டுன்னு சொல்லிட்டேன் பாய்."

"யார்கிட்ட?"

"எல்லார்கிட்டயும்."

பாய் சிரித்தார். பிறகு குதிரைகளைப் பார்த்தபடி சொன்னார்: "அப்ப ஒண்ணுக்கு முன்னால ஒண்ணு பூட்டணும். நாலஞ்சு தபா பண்ணிகீறேன். ஆனா முன்னால கீற குதிரைக்கு ரெண்டு பக்கமும் கம்பு கெடையாது. அது இஷ்டத்துக்குத் திரும்பும். நான் மேல ஏறி ஒக்காந்து லகான கையில வாங்கற வரிக்கும் அது தலைய ஒரு ஆளு புட்ச்சிகினு நிக்கணும்."

"நான் நிக்கறேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சரி சார்," என்றார் கடைசியில்.

மூன்று காலை பழகிப் பார்த்தோம். முதலில் பழுப்புக் குதிரையைச் சாரட்டின் இரண்டு கம்புகளுக்கு நடுவே பின்னுக்குத் தள்ளி நிறுத்திப் பூட்டுவார். அதன் லகானை ஓட்டுபவர் இருக்கையில் போடுவார். அதற்குப் பிறகுதான் வெள்ளைக் குதிரையை முன்னால் கொண்டுவந்து நிறுத்துவார். அதன் நீண்ட லகான், பழுப்புக் குதிரையின் தலையிலும் முதுகிலும் இருக்கும் வளையங்கள் வழியாக இருக்கைக்கு வரும். எல்லாவற்றுக்கும் கடைசியாக, வெள்ளைக் குதிரையின் இரண்டு இழுவை வார்களைக் கம்புகளின் முனையில் மாட்டுவார். அவிழ்க்கும்போது அந்த வார்கள்தான் முதலில் கழலும்.

"இது எல்லாத்தயும் விட ஒண்ணு சார்," என்றார் மூன்று நாளும். "நான் 'வுடு'ன்னு சொல்ற வரிக்கும் தலைய வுடாத. கொசு கடிச்சாலும் வுடாத. மாமியாரே வந்து கூப்ட்டாலும் வுடாத."

"எனக்கு மாமியார் போய் இருபது வருஷமாச்சு பாய்."

"அப்ப சுத்தமா வுடக்கூடாது."

மாப்பிள்ளை அழைப்பு அன்று சாயங்காலம் ஐந்தரைக்குக் கோயில் வாசலில் எல்லாம் தயாராக இருந்தது. பேரன் உள்ளே சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தான். பேண்ட் செட்டில் பதினான்கு பேர். நான் வெள்ளைக் குதிரைக்கு எதிரே நின்று, கடிவாளத்தின் இரு பக்கமும் கை வைத்துப் பிடித்திருந்தேன். அதன் மூச்சு என் சட்டையில் சூடாகப் பட்டது. பாய் இழுவை வார்களை மாட்டிவிட்டு, படியில் கால் வைக்கச் சாரட்டின் பக்கம் போனார்.

நின்ற இடத்திலிருந்தே நான் பக்கிள்களை எண்ணிக்கொண்டிருந்தேன். வெள்ளையில் பதினொன்று சரியாக வந்தது. பழுப்பில் ஒன்பது வரை எண்ணியபோது பேண்ட்காரர் முரசை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். எனக்கு எண்ணிக்கை தப்பிப்போனது. வயிற்றடி வாரில் இருக்கும் பக்கிள் அங்கிருந்து தெரியவில்லை. ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று நினைத்தேன். ஏழு அடி எடுத்து வைத்தால் போதும்.

கையை விட்டேன்.

ஏழு அடியும் நடந்தேன். குனிந்தேன். விட்டவற்றையும் சேர்த்து எண்ணினேன்; வயிற்றடிப் பக்கிளும் சரியாகத்தான் இருந்தது. "இருபத்திரண்டு" என்று வாய்விட்டுச் சொன்னேன். அந்த நேரம் முரசு முழுதாக முழங்கியது. வெள்ளைக் குதிரை தலையைத் தூக்கி, அப்படியே திரும்பி, பழுப்புக் குதிரையின் முகத்துக்கு நேராக வந்து நின்றது. இழுவை வார் ஒன்று பழுப்புக் குதிரையின் முன்காலைச் சுற்றிக்கொண்டது. அது எம்பியது. படியில் ஒரு காலோடு நின்றிருந்த பாய் கீழே குதித்து, என்னைத் தோளால் இடித்து ஓரமாகத் தள்ளிவிட்டு, இரண்டு தலைகளுக்கும் நடுவே புகுந்தார். வெள்ளையின் குளம்பு அவர் வலது பாதத்தின் மேல் இறங்கியது. அவர் கத்தவில்லை. "ஓ... ஓ... ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்ல" என்று குதிரைகளிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். வார்களைக் கழற்றி முடித்த பிறகுதான் மண்மேட்டில் உட்கார்ந்தார்.

பேரன் தன் நண்பனின் காரில் மண்டபத்துக்குப் போனான்.

முதலாளி அரைமணி நேரத்தில் வந்துவிட்டார். பாயின் பாதம் துண்டால் சுற்றப்பட்டிருந்தது. முதலாளி என்னிடம்தான் முதலில் வந்தார்.

"சார், பெரிய கம்பெனில செக்கிங்ல இருந்தவரு நீங்க. சொல்லுங்க, இவன் பூட்டுனது சரியா கீதா?"

"இருபத்திரண்டு பக்கிளும் சரி. நானே எண்ணினேன்," என்றேன். அங்கே நிறுத்தியிருக்கலாம். "மத்தபடி, இப்படி முன்னயும் பின்னயும் பூட்டறதெல்லாம் எனக்குப் புதுசு," என்றும் சொன்னேன்.

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. இன்றைக்கும் அதை வார்த்தை வார்த்தையாகச் சரிபார்க்கிறேன். எல்லாம் உண்மைதான். சொன்ன விதத்தில் பழி முழுவதும் பாய் மேல் போய் விழுந்தது.

முதலாளி அவர் பக்கம் திரும்பினார். "தெரியாத வேலைய நடுத்தெருவுல இன்னாத்துக்குயா செய்யற? மாப்ள ஏறி இருந்தா? கால் சரியானாலும் வராத."

பாய் என்னை ஒரு முறை பார்த்தார். பழுப்பின் பக்கத்தில் குனிந்திருந்த என்னைத் தள்ளிவிட்டவரே அவர்தான். நான் கையை விட்டது அவர் கண்ணில் படாமல் இருந்திருக்காது. ஆனாலும் அதை அவர் முதலாளியிடம் சொல்லவில்லை.

பத்தொன்பது நாள் போனது. குதிரைகளுக்குத் தீனி போட வேறு ஓர் ஆள் வந்தான். சில நாள் ஏழு மணிக்கு வருவான், சில நாள் பத்துக்கு. பாய் ஐந்து மணிக்கு பைக்கில் வருவார் என்பதால், விடியும் முன் தெருவில் எந்த பைக் போனாலும் வெள்ளைக் குதிரை காதை நிமிர்த்தும். நான் ஜன்னலிலிருந்து பார்ப்பேன். ஒரு நாள் காலையில் பதினோரு பைக் போயின. பதினோரு முறையும் அது திரும்பிப் பார்த்தது. அதற்குப் பிறகு ஜன்னலை மூடிவைத்தேன்.

எங்கள் மாடியில் தென்காசிப் பக்கத்து ஆள் ஒருவர் குடியிருக்கிறார். ஒரகடத்தில் வேலை, முப்பத்தைந்து வயது. நைட் ஷிப்ட் முடிந்து வந்தவர் படிக்கட்டில் என்னை நிறுத்தினார்.

"தாத்தா, கேக்கணும்னே இருந்தேன். அன்னைக்கு நீங்க ஏன் குதிரைய விட்டுட்டு அந்தப் பக்கம் போனிய?"

"நீங்க பாத்தீங்களா?"

"பேண்டுக்காரவுக பக்கத்துலதான நின்னேன். பாவம் அந்த பாய். நீங்க மொதலாளிட்ட சொல்லிருப்பியல்லா?"

"சொல்லணும்," என்றேன்.

அவர் கேட்டிருக்காவிட்டால் போயிருப்பேனா என்று தெரியவில்லை. போயிருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். அன்றே பஸ் ஏறித் தண்டலம் போனேன். முதலாளி ஒரு சாரட்டுக்குப் பூ அலங்காரம் செய்துகொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஏழு அடியையும் சொன்னேன்.

"இத்த அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா சார்?" என்றார்.

கீழே விழுந்த பூ ஒன்றை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

"அவனும் சொல்லலியே. ரெண்டு தபா போன் பண்ணேன். குதிர திரும்பிச்சி, அவ்ளோதான்றான்." கையிலிருந்த பூச்சரத்தைக் கீழே வைத்துவிட்டு என் எதிரிலேயே பாயை போனில் கூப்பிட்டார். நான் வெளியே வந்து நின்றேன்.

நான்காம் நாள் காலை ஐந்து மணிக்கு பைக் சத்தம் கேட்டது. கொல்லைக்குப் போனேன். வலது பாத வீக்கத்துக்கு இடம் விட்டுச் செருப்பின் வாரை அறுத்திருந்தார் பாய். வெள்ளைக் குதிரை அவர் தோளில் தாடையை வைத்திருந்தது.

"பாய், தப்பு என்னுது. அன்னிக்கு..."

"வுடு சார். அதுவே கோவிச்சிக்கல," என்று குதிரையைக் காட்டினார்.

பள்ளம் இன்னும் மூடப்படவில்லை. போன வாரம் அதே தெருவில் ஒரு கல்யாணம். ஒன்றன்பின் ஒன்றாகத்தான் பூட்ட வேண்டும் என்று முதலாளியே சொல்லியிருந்தார். பாய் பழுப்பைக் கம்புகளுக்குள் நிறுத்தினார், வெள்ளையை முன்னால் கொண்டுவந்தார். நான் முன்பு பழகியபடி தலைப் பக்கம் போனேன்.

"சார், நீங்க எண்ணுங்க," என்றார் பாய், மரியாதையாகத்தான். "தலைய இவரு புட்ச்சிக்கட்டும்."

மாடிக்காரர் அதற்குள் முன்னால் வந்து நின்றிருந்தார். இரண்டு கைகளாலும் கடிவாளத்தைப் பிடித்திருந்தார். பேண்ட் முழங்கியபோதும் அசையவில்லை, பாய் 'வுடு' என்று சொல்லும்வரை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான் ஓரமாக நின்று எண்ணி முடித்தேன். இருபத்திரண்டு. யாரும் கேட்கவில்லை.