சிறுத்தைத் தோலின் பாரம்

அண்ணன் காய்ச்சலில் போனபிறகு சிறுத்தைத் தோல் துவோப்பின் தோளுக்கு வந்தது. அவன் கேட்டு வாங்கியதல்ல. தெற்கு சூடானின் நுவேர் மக்கள் மண்ணின் பூசாரிகள் என்று மதிக்கும் வம்சம் அவனுடையது. தோல் போர்த்தியவனுக்கு அடியாளும் கிடையாது, துப்பாக்கியும் கிடையாது. அவன் சாபத்துக்கு ஊர் பயந்தால்தான் அவன் பேச்சு எடுபடும். மாடு மேய்த்தும் மீன் பிடித்தும் காலத்தை ஓட்டிவிடலாம் என்றுதான் துவோப் நினைத்திருந்தான்.

மழை ஓய்ந்த ஒரு காலையில் லாம் என்ற வாலிபன் ஈட்டியோடு ஓடி வந்து அவன் முற்றத்தில் விழுந்தான். மீன்பிடி மடுவில் தகராறு. அதே ஊர்க் குலாங்கின் தம்பியை லாம் குத்திக் கொன்றுவிட்டான். தாகத்தில் அவனுக்குப் பேச்சு வரவில்லை. கொன்றவன் கையைப் பூசாரி கீறி இரத்தம் விடாமல் அவன் தண்ணீர் தொடக்கூடாது. துவோப்புக்குப் பழக்கமில்லை. கீறல் ஆழமாகவே விழுந்தது.

“இப்பக் குடி.”

மனைவி நியாபோல் சோளக் கூழை அப்படியே வைத்துவிட்டு வந்தாள். “ஏய்யா, அவனுங்க வந்தா எதைக் காட்டி நிறுத்துவே? இந்தத் தோலையா?”

“வேற என்ன இருக்கு நம்மகிட்ட?”

உச்சிப்பொழுதுக்குள் குலாங் பங்காளிகளோடு வந்துவிட்டான். வேலிக்கு வெளியே நின்றார்கள். பூசாரியின் முற்றத்தில் இரத்தம் சிந்தக்கூடாது. ஆனால் ஒருவன் காலும் ஓரிடத்தில் நிற்கவில்லை.

“அவனை வெளிய தள்ளு. உங்க அண்ணன் சொன்னா கேட்டிருப்போம். நீ யாரு? தோலை மாட்டிக்கிட்ட மீன்காரன்!”

“லாம் வீட்டார் மாடு தர்றாங்க, குலாங். வாங்கிக்க.”

“என் தம்பியை மாட்டுக்கு விக்கச் சொல்றியா?”

முதலில் மறுப்பதுதான் மானம். பிறகு இறங்கி வருவார்கள். இவன் வருவானா?

சாபம் சொல்வதற்காகத் துவோப் ஒரு காளையைக் கொண்டுவந்து அதன் முதுகில் சாம்பலைத் தேய்த்தான். சாபம் முடியுமுன் யாராவது தடுத்து மாட்டை ஏற்றுக்கொள்வார்கள் என்று அண்ணன் சொல்லியிருந்தான்.

“மண்ணே, கேளு. இவங்க மறுத்தா இவங்க ஈட்டி குறி தப்பட்டும். சோளம் கருகட்டும்.”

யாரும் தடுக்கவில்லை.

“பசு மடி வத்தட்டும்.”

அப்போதும் இல்லை. அடுத்தது பிள்ளைகள். குலாங்கின் கைக்குழந்தைக்குப் போன மாதம்தான் துவோப் ஆசி சொல்லியிருந்தான். சொல்லிவிட்டால் திரும்பப் பெற முடியாது. நிறுத்தினாலோ, வேலி தாண்டியதும் லாம் சாவான்.

“இவங்க பிள்ளைங்க...”

“போதும்!” குலாங்கின் கை காளையின் முதுகில் விழுந்தது. அவன் அழுதுகொண்டிருந்தான். “உனக்காக இல்ல. மண்ணுக்காக வாங்கிக்கறேன்.”

மாடுகள் கைமாறும்வரை லாம் துவோப்பின் தொழுவத்திலேயே கிடந்தான். இரு வீட்டாரும் அதன்பின் ஒரு பாத்திரத்தில் சாப்பிடவில்லை. ஆனால் வேறு சாவும் விழவில்லை. துவோப்பின் பேச்சுக்கு ஊரில் எடை கூடியது. அவன் வந்தால் பெண்கள் குழந்தைகளை உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.

“நல்லாப் பயப்படறாங்க. சந்தோஷம்தானே?” என்றாள் நியாபோல்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். புல்வெளியில் யாரோ ஓடிவருவது தெரிந்தது. பார்த்தால் கன்றைத் துரத்தி வருகிற பெண். அவள் கடந்துபோன பிறகும், இன்னொருவன் ஈட்டியோடு ஓடி வருகிறானா என்று அவன் புல்வெளியையே பார்த்துக்கொண்டிருந்தான்.